ஐம்பதில் ஒரு புதுத் தொழில்: எழுத்தையும் உளவியலையும் சேர்த்துப் பிழைக்க ஒரு வழி

கல்முனைக் கரையோரத்தில் ஐம்பது வயது என்பது வீட்டுக் கணக்குப் பார்க்கும் வயது. மகளுக்குக் கட்டும் வீடு முடிந்திருக்கும், இல்லாவிட்டால் கூரைக்குக் காசு பார்த்துக்கொண்டு நிற்கும். கட்டாரிலிருந்து வந்தவர் திரும்பவும் போவதா என்று யோசிப்பார். அரச ஆசிரியர் 55 வயதில் ஓய்வு கேட்பதா, 60 வரை இருப்பதா என்று கூட வேலை செய்பவர்களிடம் விசாரிப்பார். பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்ட உம்மா ஒருவர், அந்தக் காலத்தில் பத்திரிகைக்கு எழுதிய கவிதைகளைத் தேடி எடுப்பார். இவர்களில் சிலருக்கு எழுதவும் ஆசை, மற்றவர் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவவும் ஆசை.

இரண்டையும் சேர்த்து வருமானம் தரும் தொழிலாக்கலாம். அதற்கு ஒரு விதி உண்டு: சம்பளத்தை எழுத்து கொண்டுவரட்டும், எல்லையை உளவியல் சொல்லட்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள், அதாவது பயிற்சியில்லாமல் மனநோய்க்கு ஆலோசனை விற்று, விளம்பரத்துக்காக எழுதுபவர்கள், தாங்களும் கெட்டு மற்றவரையும் கெடுப்பார்கள்.

முன்னே நடந்தவர்கள்

தெல்லிப்பளையைச் சேர்ந்த கோகிலா மகேந்திரன் (பிறப்பு 1950) விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கி அதிபரானவர், கல்வி நிர்வாகத்திலும் இருந்தவர். ‘பிரசவங்கள்’, ‘வாழ்வு ஒரு வலைப்பந்தாட்டம்’ ஆகிய சிறுகதைத் தொகுதிகளால் அறியப்பட்ட அவர் உளவளத்துணையும் பயின்றார், நாடகம் செய்தார், சிறுவர் உளநலம் பற்றி எளிய தமிழில் எழுதினார். வேலையை உதறிவிட்டு அவர் எழுத வரவில்லை. வகுப்பறை, கதை, உளவளத்துணை மூன்றும் ஒன்றாகவே நடந்தன. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போர் தந்த மனக்காயங்களைப் பற்றி ‘மனவடு’ என்ற நூலைத் தமிழில் தந்தார்.

வெளியுலகில் உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். முதல் பெரிய நூல் 1950இல் வந்தபோது வயது 48. அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் 1918ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை மையமாக வைத்துக் காந்தியைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1970இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நடுவயதின் பெரிய தேவை, அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுப்பது என்று சொன்னவரும் அவர்தான். பட்டம் இல்லை என்றதும் ஆறுதல்பட வேண்டாம். வியன்னாவில் ஆண்டுக்கணக்கில் முறையாகப் பயிற்சி பெற்ற பிறகே அவர் எழுதினார்.

கல்முனைக்கு அடுத்துள்ள நம் சாய்ந்தமருதில் எழுத்து புதிதல்ல. மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் ஊரைத் தங்கள் பெயரிலேயே வைத்து எழுதியவர்கள். உளநலத்தின் தேவையையும் இங்கே விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஈஸ்டர் தாக்குதல்களைத் தொடர்ந்து இங்கே மோதல் நடந்த 2019 ஏப்ரல் 26 இரவுக்குப் பிறகு ஊர்ப்பெயரைச் சொல்லவே பிள்ளைகள் தயங்கிய நாட்களும் இருந்தன.

படி 1: நீங்கள் யார் இல்லை என்று முதலில் எழுதுங்கள்

மனநல வைத்தியர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்று உளச்சிகிச்சை தருவார். உளவளத்துணையாளர் பயிற்சி பெற்று, மேற்பார்வையின் கீழ் பேசித் துணை நிற்பார். நீங்கள் தொடங்கும் இடம் நான்காவது: உளநலத்தைப் பற்றி ஊருக்கு விளங்க எழுதுபவர், எழுத வைப்பவர்.

இதை ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். ‘நோய் எதுவென்று சொல்லமாட்டேன், மருந்தை நிறுத்தச் சொல்லமாட்டேன், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்’ என்ற மூன்று வரியும் அதில் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டில் ‘உளவியலாளர்’ என்று போடாதீர்கள். ‘எழுத்தாளர், உளநலக் கல்வி’ என்பது போதும்.

படி 2: ஒரே ஒரு விடயத்தை எடுங்கள்

‘மனம்’ என்று பொதுவாக எழுதுபவரை யாரும் தேடி வரமாட்டார்கள். இருபது வருடமாக மற்றவர்கள் உங்களிடம் கொண்டுவந்த கேள்விகளைப் பட்டியலிடுங்கள். ஆசிரியர் என்றால் சாதாரண தரப் பரீட்சைப் பயம், படிப்பை விட்டு போனில் கிடக்கும் மகன். வெளிநாட்டில் உழைத்தவர் என்றால் வாப்பாவைப் போனில் மட்டுமே தெரிந்த பிள்ளை, திரும்பி வந்தவர் சொந்த வீட்டில் விருந்தாளிபோல உணர்வது, வீட்டுக் கடன். தாதியாக இருந்தவர் என்றால் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய சோர்வு, மூத்தவர்களின் மறதி.

இப்படிச் சேர்ந்த கேள்விகளில் எது அடிக்கடி வருகிறதோ, எதைப் பற்றி நீங்கள் அலுக்காமல் படிப்பீர்களோ, அதுவே உங்கள் விடயம். முதல் இரண்டு வருடம் அதைவிட்டு நகர வேண்டாம்.

படி 3: படிப்பு

உலக சுகாதார நிறுவனமும் கூட்டு அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியிலிருந்து தொடங்குங்கள். அது தமிழிலும் உண்டு. பார், கேள், இணை என்ற மூன்று செயல்தான் அதன் முதுகெலும்பு. மனநல நிபுணர் அல்லாதவரும் கற்றுச் செய்யக்கூடியது.

அடுத்து முறையான சான்றிதழ். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணைப் பாடநெறி நடத்துகிறது, திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டப்படிப்பு உண்டு. எந்த இடத்தில் சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: தமிழ்மொழியில் நடக்கிறதா, மேற்பார்வையுடன் செய்முறைப் பயிற்சி உண்டா, சான்றிதழை அரச நிறுவனங்கள் ஏற்கின்றனவா. வார இறுதி இரண்டில் ‘டிப்ளோமா’ தருபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

ஓர் அனுபவசாலியான உளவளத்துணையாளரையோ வைத்தியரையோ மாதம் ஒருமுறை சந்தித்துச் சந்தேகம் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். சான்றிதழ் ஒருநாள் கைக்கு வந்துவிடும். இந்தச் சந்திப்பு தொழில் உள்ளவரை வேண்டும்.

படி 4: விற்கும் பொருளைத் தீர்மானியுங்கள்

பத்திரிகைப் பத்தி பெயரைத் தரும், வீட்டுச் செலவைத் தாங்காது. ஆகையால் அதை விளம்பரமாக எண்ணி மாதம் இரண்டு எழுதுங்கள். காசு வரக்கூடியவை வேறு நான்கு:

1. சிறு கையேடுகள். பாடசாலை, பள்ளிவாசல் நிர்வாகம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு 16 அல்லது 24 பக்கத்தில் எழுதிக் கொடுப்பது.
2. மொழிபெயர்ப்பும் செப்பனிடலும். உளநலம் பற்றிய அறிக்கையும் துண்டுப்பிரசுரமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, விளங்காத தமிழில் வந்துசேர்கின்றன. உம்மாமார் வாசித்து விளங்கும் தமிழில் தரத் தெரிந்தவருக்கு வேலை உண்டு.
3. வாழ்க்கைக் கதை. மூத்தவர் ஒருவரின் நினைவுகளைப் பதிவுசெய்து, குடும்பத்துக்காக நூலாக்கிக் கொடுப்பது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இதற்கு விருப்பத்தோடு செலவழிப்பார்கள்.
4. செயலமர்வும் எழுத்து வட்டமும்.

முதல் வருடம் இவற்றில் இரண்டை மட்டும் செய்யுங்கள். விலையை மணிக்கணக்கில் போட்டு, எழுத்தில் கொடுத்து, பாதியை முன்பணமாக வாங்குங்கள். ‘ஊர் விசயம்தானே, சும்மா செஞ்சு தாங்க காக்கா’ என்பவர்களுக்காக மாதம் ஒரு இலவச வேலை ஒதுக்குங்கள். இரண்டாவதாக வருபவருக்கு அடுத்த மாதத்தைச் சொல்லுங்கள்.

படி 5: எழுத்து வட்டத்தை நடத்தும் முறை

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், 1986இல் வெளியான ஆய்வில், மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவத்தை எழுத வைத்தார். நடந்ததையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் சுகவீனமென்று மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களின் மனம் இன்னும் கனத்தது. இந்த இரண்டாவது உண்மையை மறந்து வட்டம் நடத்தக் கூடாது.

எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி நாள் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் பேச்சு, பிறகு 15 நிமிடம் எழுத்து. எழுதியதை வாசிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அவரவர் தாள் அவரவரோடு போகட்டும். கடைசி அரை மணி நேரம் இலேசான விடயம், தேநீர். யாரையும் அழுத கண்ணோடு வாசலைத் தாண்ட விடாதீர்கள். மறுநாள் போன் எடுத்துச் சுகம் விசாரியுங்கள்.

மௌத்து நடந்த வீட்டிலும், இத்தா இருக்கும் பெண்ணிடமும் தாளும் பேனாவும் நீட்டாதீர்கள். பேரிடர் முடிந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை பலன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தில் வேண்டியது சாப்பாடு, பாதுகாப்பு, உறவுகளைத் தேடிச் சேர்த்தல்.

நித்திரையில்லாமல் வாரக்கணக்கில் தவிப்பவர், சாகப்போவதாகப் பேசுபவர், இல்லாத குரல் கேட்பதாகச் சொல்பவர் வட்டத்துக்குரியவர்கள் அல்லர். அவர்களைக் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஓதிப் பார்க்க முதலில் மௌலவியிடம் போகும் வழக்கத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். ஓதலும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று சொல்லக்கூடிய மௌலவி ஒருவருடன் பழகுங்கள். அவர் குத்பாவில் சொல்லும் ஒரு வார்த்தை, உங்கள் பத்துக் கட்டுரை போகாத வீட்டுக்கும் போகும்.

படி 6: அடுத்தவர் துயரத்தை எழுதும்போது

இந்த ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறையாது. ‘பெரிய பள்ளிக்குப் பின்னால, மாப்பிள்ளை சவூதியில, மூணு பொம்புளப்புள்ள’ என்றாலே மாமிமார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழில், வயது, பிள்ளைகள், தெரு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பல பேரின் அனுபவத்தைச் சேர்த்து ஒரு பாத்திரம் ஆக்குங்கள். அமெரிக்க மனநல வைத்தியர் இர்வின் யாலொம் 58 வயதில், 1989இல், தன்னிடம் சிகிச்சை பெற்ற பத்துப் பேரின் கதையை நூலாக்கியபோது அடையாளத்தை மாற்றியதோடு நிற்காமல் அவர்களிடம் காட்டிச் சம்மதமும் வாங்கினார். நீங்களும் எழுத்தில் வாங்குங்கள். ‘வேண்டாம்’ என்று பிறகு சொன்னால் அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள்.

தற்கொலையைப் பற்றி எழுதினால் முறையை விவரிக்காதீர்கள், ‘பரீட்சையில் தோற்றதால்’ என்று ஒரே காரணத்தில் அடக்காதீர்கள், தலைப்பில் போடாதீர்கள். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த மட்டத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பெருமளவு குறைந்ததற்கு, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது பெரிய காரணம். தற்கொலை முயற்சி 1998இல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தடுக்க முடியும் என்று காட்டும் இப்படியான செய்திகளை எழுதுங்கள்.

படி 7: பதிவும் காசும்

தனிநபர் வியாபாரப் பெயரைச் சாய்ந்தமருது பிரதேச செயலகத்தில் பதியலாம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கவும், நிறுவனங்களுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பவும் இலகு. நூல் போடும்போது தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். எண் பெறுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்கள் எழுத்தைப் பாதுகாக்கிறது. வாழ்க்கைக் கதை எழுதிக் கொடுக்கும்போது பதிப்புரிமை யாருக்கு என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். வட்டத்தில் சேருபவர்களின் விவரங்களைப் பூட்டிவையுங்கள். வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

வேலையில் இருப்பவர் அவசரப்பட்டு விடக் கூடாது. மகளின் வீட்டுக் கடனை அடைக்கும் காசும் ஆறு மாதச் செலவுக்கான காசும் கையில் இல்லாமல் ஓய்வுக் கடிதம் கொடுப்பது சூதாட்டம். அரச ஊழியர் வெளிவேலைக்குத் திணைக்கள அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

முதல் வருடத்தின் திட்டம்

முதல் மூன்று மாதம்: எல்லைப் பக்கம், கேள்விப் பட்டியல், உளவியல் முதலுதவி, நான்கு கட்டுரை. அடுத்த மூன்று: பாடநெறியில் சேருங்கள், ஒரு கையேட்டை எழுதி ஒரு பாடசாலையில் வாசிக்கக் கொடுத்துத் திருத்துங்கள். ஏழாம் மாதம் தொடக்கம் ஒன்பது வரை: முதல் எழுத்து வட்டம், ஒரு வாழ்க்கைக் கதைக்கு ஒப்பந்தம். நோன்பு மாதத்திலும் பரீட்சைக் காலத்திலும் பெரும்போக அறுவடையிலும் கூட்டம் வைக்காதீர்கள், ஆள் வராது. கடைசி மூன்று மாதம்: வரவு செலவு பார்த்து விலையைத் திருத்துங்கள்.

வருட முடிவில் இரண்டு தொகையை எடுத்துப் பாருங்கள்: எழுத்தால் வந்த காசு எவ்வளவு, உங்களால் தாங்க முடியாதென்று சரியான இடத்துக்கு அனுப்பிவைத்தவர்கள் எத்தனை பேர். முதலாவது சிறியதாக இருந்தால் விலையையோ பொருளையோ மாற்றலாம். இரண்டாவது பூச்சியமாக இருந்தால் அடுத்த வட்டத்தைத் தொடங்காதீர்கள். வந்த எல்லோரையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள் என்று அதற்கு அர்த்தம். மேற்பார்வையாளரிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள்.