குழந்தைப் பருவத்தில் உடற்பருமன்: அதன் காரணங்கள்

கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையே நல்ல உடல்நலமுள்ள குழந்தை என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. உணவுப் பற்றாக்குறை மிகுந்திருந்த காலத்தில் இவ்வெண்ணம் தோன்றியது இயல்பே. ஆயினும், பற்றாக்குறை முற்றும் நீங்காத நிலையிலேயே மிகைப் பருமனும் நாட்டில் புகுந்துவிட்டது. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அதே கணக்கெடுப்பில் அதிக எடையுள்ள குழந்தைகள் நூற்றுக்கு 3.4 பேர், 2015–16-இல் இவ்விகிதம் 2.1-ஆக இருந்தது. இவ்விரு குறைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று கருதுவது தவறு. பருமனின் வேர்கள் சில, மெலிவிலேயே மறைந்து கிடக்கின்றன.

பருமனை அளந்தறிதல்

எடையை மட்டும் கொண்டு பருமனைத் தீர்மானித்தல் இயலாது. கிலோகிராமில் கணித்த எடையை, மீட்டரில் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண் ஆகும். பத்து வயதுச் சிறுமியர் இருவர், ஒவ்வொருவரும் 40 கிலோகிராம் எடையுள்ளவர் எனக் கொள்வோம். ஒருத்தியின் உயரம் 150 சென்டிமீட்டர். அவளது குறியெண் 17.8. மற்றொருத்தியின் உயரம் 140 சென்டிமீட்டர். அவளது குறியெண் 20.4. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி முன்னவள் இயல்பான நிலையில் உள்ளாள். பின்னவள் அதிக எடைப் பிரிவைச் சேர்ந்தவள். வளரும் பருவத்தில் இவ்வெல்லை வயதுக்கு வயது மாறும். ஆண், பெண் என்னும் பாலுக்கேற்பவும் மாறும். ஆதலின் பெரியோர்க்குரிய எல்லைகளைக் குழந்தைகட்குப் பயன்படுத்தலாகாது.

கருப்பையில் தொடங்கும் காரணங்கள்

உண்ணும் உணவின் சக்தி, உடல் செலவிடும் சக்தியினும் மிகுமாயின், மிகுதி கொழுப்பாகச் சேமிக்கப்படும். இது பொது விதி. ஆயினும், ஒரே விதமான உணவை உண்ணும் குழந்தைகளுள் சிலர் மட்டும் ஏன் எளிதில் பருமனாகின்றனர் என்னும் வினாவிற்கு இவ்விதி மட்டும் விடையாகாது. பரம்பரை இயல்பு ஒரு காரணம். கருப்பையில் அமைந்த சூழல் மற்றொன்று.

புனே நகரை அடுத்த கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோகிராம்; இங்கிலாந்துக் குழந்தைகளின் எடையோ ஏறத்தாழ 3.5 கிலோகிராம். இந்தியக் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் மிகச் சிறுத்திருந்தன. தோலுக்கடியிலுள்ள கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த குழந்தை, உடலமைப்பில் கொழுப்பு மிகுந்ததாயிருந்தது. கருவுற்ற காலத்தில் தாய்க்கு நீரிழிவு தோன்றினும், குழந்தையின் உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேரும்.

இளமைக்கால வளர்ச்சி

1969 முதல் 1972 வரை டெல்லியில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வொன்றின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. இளம் வயதிலேயே நீரிழிவோ அதன் முன்நிலையோ அடைந்தவர்கள், பொதுவாக இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் விரைந்து எடை கூடியவர்கள் என்று அது காட்டிற்று. அவர்களுள் ஒருவரேனும் பன்னிரண்டு வயதில் பருமனாயிருந்திலர் என்பது கருதத்தக்கது. ஆகவே, ஒருநாள் எடுத்த எடையைக் காட்டிலும் வளர்ச்சிக் கோடு செல்லும் திசையே முக்கியம்.

மெலிந்த குழந்தைக்கு உணவைக் குறைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் ஊட்டுதலும், அதன்பின் தாய்ப்பாலுடன் பருப்பு, முட்டை, கீரை, காய்கனி முதலியவற்றைச் சேர்த்தலும் இன்றியமையாதவை. இவை எடையோடு உயரத்தையும் தசையையும் வளர்க்கும். சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த தின்பண்டங்களோ எடையை மட்டும் ஏற்றிக் காட்டும்.

பள்ளிப் பருவத்துக் காரணங்கள்

100 மில்லிலிட்டரில் 10 கிராம் சர்க்கரை கலந்த பானத்தை 300 மில்லிலிட்டர் பருகும் சிறுவன், 30 கிராம் சர்க்கரையை, அதாவது 120 கலோரியைப் பெறுகிறான். அது பசியை அடக்குவதில்லை. அடுத்த வேளை உணவும் குறைவதில்லை. வறுத்த பண்டங்களிலுள்ள கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி தருவது.

வரவு இவ்வாறு பெருக, செலவு சுருங்குகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாட்டுத் திடலின்மை, வாகனங்கள் நெருங்கிய தெருக்கள், விளையாட்டு வேளையை விழுங்கும் தனிவகுப்புகள், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியன இதற்குத் தடையாகின்றன. உறக்கக் குறைவு பசியைத் தூண்டுகிறது. விளம்பரங்கள் ஆசையைத் தூண்டுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை குழந்தையின் விருப்பத்தால் அமைந்தவையல்ல. பெரியோர் அமைத்த சூழலின் விளைவுகள். இது கருதியே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்பதைத் தடைசெய்கின்றன.

நோயினால் விளையும் பருமன்

தைராய்டுச் சுரப்பிக் குறை முதலிய நோய்களால் தோன்றும் பருமன் அரிது. இதனை ஐயுறுவதற்கு எளிய அடையாளம் ஒன்றுண்டு. மிகை உணவால் பருத்த குழந்தை பொதுவாக வயதுக்கேற்ற உயரமோ, அதனினும் கூடுதலோ பெற்றிருக்கும். எடை ஏற, உயரம் மட்டும் தேங்கி நிற்குமாயின் அக்குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. எடையுடன் உயரத்தையும் தவறாது அளந்து பதிதல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், மூத்த குழந்தையைக் காலணியின்றி நிற்கவைத்தும் அளத்தல் வேண்டும்.

2. கருவுற்ற தாய்மாரின் உணவையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையையும் கண்காணித்தல்.

3. விளையாட்டு வேளையைப் பிற பாடங்களுக்கு விட்டுக்கொடாதிருத்தல்.

4. பருத்த குழந்தையைப் பிறர் முன்னிலையில் எடையிட்டுக் காட்டுவதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் அறவே விலக்குதல். நாணமுற்ற குழந்தை திடலைவிட்டு ஒதுங்கும். ஒதுங்கிய குழந்தை மேலும் பருக்கும்.

5. வளரும் குழந்தையைப் பட்டினியிடாதிருக்கப் பெற்றோர்க்கு அறிவுறுத்தல். பெரும்பாலான குழந்தைகட்கு எடை மேலும் ஏறாது நிற்பின், உயரம் வளர வளரக் குறியெண் தானே தாழும்.