சின்னப் பொக்ஸில் நாற்பது தடவை

ஏஜக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வயது 36. மகனை ஸ்னோபோர்ட் வகுப்பில் இறக்கிவிட்டு, காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தே இரண்டு குளிர்காலம் போயிற்றாம். மூன்றாவது குளிர்காலத்தில் தானும் ஒரு போர்டை வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டார். இப்போது இலகுவான பச்சை வழியில் பயமில்லை, அதைவிடக் கடினமான நீல வழியிலும் விழாமல் இறங்குகிறார். மகனோ அந்த வழிகளை விட்டுவிட்டு, பொக்ஸும் ரெயிலும் ஜம்பும் வைத்திருக்கும் டெரெய்ன் பார்க்குக்குள் போய்விட்டான். "அண்ணை, வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்கவில்லை. இந்த வயதில் நானும் இறங்கலாமா? மனுசி கூடாது என்கிறா" என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக இறங்கலாம், தம்பி. நான் முதன்முதல் பார்க்குக்குள் போனபோது எனக்கு 32. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் துணிவிலும் இல்லை, விளங்கிக்கொள்வதிலும் இல்லை. சொல்லிக் கொடுப்பதை நாம் அவர்களைவிட விரைவாகவே பிடித்துக்கொள்வோம். வித்தியாசம் விழுவதற்கு நாம் கொடுக்கும் விலையில் இருக்கிறது. அவன் சனிக்கிழமை இருபது தடவை விழுந்துவிட்டு ஞாயிறும் வருவான். நாம் மூன்று தடவை பலமாக விழுந்தால் திங்கட்கிழமை வேலையில் குனிய முடியாது. ஆகவே நான் பழக்கும் பெரியவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான்: விழுந்தாலும் அதிகம் நோகாத இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மேலே ஏறி வழுக்கிப் போகிற எட்டங்குல உயரப் பொக்ஸ் ஒன்றில் ஒரே நாளில் நாற்பது தடவை போய்வந்தவர், பெரிய ஜம்பில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை பாய்ந்தவரைவிட அடுத்த வாரம் எங்கேயோ நிற்பார்.

பார்க்குக்குள் போகுமுன் நீங்களே உங்களைச் சோதித்துப் பாருங்கள். நீல வழியில் விரற்பக்க விளிம்பிலும் குதிப்பக்க விளிம்பிலும் யோசிக்காமல் திரும்ப முடிகிறதா? நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? பச்சை வழியில் பின்காலை முன்னுக்கு விட்டு, அதாவது ஸ்விச்சில், பத்துத் திருப்பமாவது போக முடிகிறதா? இவை மூன்றும் கைவந்தவர்கள்கூட நாலாவது சோதனையில் திணறுவார்கள். மெல்லிய சரிவில் போர்டின் அடிப்பரப்பு முழுவதும் பனியில் படும்படி, எந்த விளிம்பையும் அழுத்தாமல், பத்து எண்ணும் வரை நேராகப் போகவேண்டும்.

கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் ஸ்னோபோர்ட் பழகிய நாளிலிருந்து உங்கள் உடம்பு கற்றுக்கொண்டதெல்லாம் இதற்கு நேர்மாறானது. பயம் வந்தால் குதிப்பக்க விளிம்பை அழுத்து, பனியைப் பிடித்துக்கொள், நின்றுவிடு. பனியில் அது உயிரைக் காப்பாற்றும் பழக்கம். பொக்ஸின் மேற்பரப்போ வழுவழுப்பான பிளாஸ்டிக். அதில் விளிம்புக்குப் பிடி கிடையாது. பயந்துபோய்க் குதியை அழுத்திய அந்தக் கணமே போர்ட் கால்களுக்குக் கீழிருந்து முன்னுக்கு வழுக்கிப் போகும், நீங்கள் இடுப்பெலும்பிலோ வால் எலும்பிலோ இறங்குவீர்கள். முதல் நாள் பொக்ஸில் நான் பார்த்த விழுகைகளில் அநேகம் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

அதனால் முதல் வேலை பொக்ஸில் வேண்டாம். ஆளில்லாத பச்சை வழியொன்றின் ஓரத்தில், போர்டின் முனையால் பனியில் இரண்டு கோடு கீறுங்கள். இடையில் ஒரு முழ அகலம், நீளம் நாலைந்து மீற்றர். மேலிருந்து நேராக வந்து அந்தக் கோடுகளுக்குள் நுழைந்து, விளிம்பு தொடாமல் மறுபக்கம் வெளியேறுங்கள். முடிந்ததும் திரும்பிப் பாருங்கள். பனியில் உங்கள் தடம் ஒரு பட்டையாகப் பதிந்திருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் ஆழமான கோடாக இருந்தால் அந்த விளிம்பை நீங்கள் அறியாமல் அழுத்தியிருக்கிறீர்கள். பனி பொய் சொல்லாது. இரண்டு மூன்று நாள் இதையே செய்தால் போதும், கால் பழகிவிடும்.

பிறகு பொக்ஸ். முற்றத்துப் படிபோல் உயரமில்லாத, அகலமான, பனியிலிருந்து நேரே ஏறிக்கொள்ளக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். குழாய்போன்ற ரெயில் இப்போதைக்கு வேண்டாம். பத்துப் பதினைந்து மீற்றர் மேலேயே திசையைச் சரிசெய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் திரும்பி ஏறக்கூடாது. முழங்கால் தளர்ந்திருக்கட்டும், தோள்கள் போர்டின் நீளத்தோடு ஒரே கோட்டில் இருக்கட்டும், கைகள் இடுப்பு உயரத்தில். வேகம் அவசர நடையைவிடக் கொஞ்சம் கூட. மிக மெதுவாக வந்தால் நடுவில் தள்ளாடுவீர்கள். பொக்ஸில் ஏறியபின் எதுவுமே செய்யாதீர்கள். அந்த இரண்டு விநாடி எதுவுமே செய்யாமல் நிற்பதுதான் அங்கே கற்கவேண்டிய வித்தை.

கண் எங்கே இருக்கவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு சின்னப் பெடியன். பதினொரு வயது இருக்கும். நான் தொடர்ந்து ஐந்து தடவை ஒரே பொக்ஸின் ஒரே இடத்தில் இடப்பக்கம் விழுந்ததை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பக்கத்தில் வழுக்கி வந்து, "அங்கிள், பொக்ஸைப் பாக்காதேங்கோ. அது முடியிற இடத்தைப் பாருங்கோ" என்றான். ஆறாவது தடவை அந்த முனையிலேயே கண்ணை வைத்தேன். போர்டின் கீழிருந்த கரகரப்புச் சத்தம் நின்று, வழுக்கும் மெல்லிய ஓசை வந்து, திரும்பவும் பனியின் கரகரப்பு. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கையிரண்டையும் தூக்கிக் கத்தினான். பார்க்குக்குள் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அங்கே முயற்சி செய்கிறவரை அவர்கள் கொண்டாடுவார்கள்.

எங்கே பழகலாம்? ரொறன்ரோவில் மாநகரசபையே நடத்தும் ஏர்ள் பேல்ஸ், சென்ரெனியல் பார்க் என்ற இரண்டு சிறு மேடுகள் இருக்கின்றன. கோடு கீறிப் பழகும் வேலைக்கு அவை தாராளம். பெரிய பார்க் தேவைப்படும்போது 400ஆம் நெடுஞ்சாலையில் பரி நகரைத் தாண்டி மவுண்ட் சென்ற் லூயிஸ் மூன்ஸ்ரோன் போன்ற இடங்களுக்குப் போகலாம். சின்ன மலைதானே என்று எண்ணவேண்டாம். சின்ன மலையில் லிஃப்ற்றில் போகும் நேரம் குறைவு, எண்ணிக்கை கூடும். சோச்சி 2014, பியொங்சாங் 2018, பெய்ஜிங் 2022 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் ரெயிலும் ஜம்பும் உள்ள ஸ்லோப்ஸ்ரைல் போட்டியில் வெண்கலம் வென்ற மார்க் மெக்மொரிஸ், சஸ்கச்சுவான் சமவெளியிலுள்ள ரெஜினா நகரத்துப் பிள்ளை. பக்கத்துப் பள்ளத்தாக்கின் சின்னச் சரிவுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

ஒன்ராறியோவில் ஜனவரியில் உருகி உறைந்த பனி சீமெந்துத் தரைபோல் இருக்கும். மார்ச் மாதம் நடுப்பகல் வெயிலில் பனி இளகி, ஈரச் சீனிபோல் ஆகிவிடும். பெரியவர்கள் பார்க் பழகுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. வேகம் தானாகக் குறையும், விழுந்தால் தாங்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் அதே பனி இறுகிவிடும். மூன்று மணிக்கு இதமாக ஏறிய ஜம்ப் ஆறு மணிக்கு வேறொரு ஜம்ப்.

விழுவதையும் பழகவேண்டும். விழும்போது கையை விரித்து ஊன்றுவது மனித இயல்பு. ஸ்னோபோர்ட்டில் உடைவது பெரும்பாலும் அந்த மணிக்கட்டுத்தான். விரல்களை மூடி முட்டியாக்கிக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு விழுந்தால் முழங்காலும் முன்னங்கைகளும் ஒன்றாகப் படட்டும். பின்னுக்கு விழுந்தால் நாடியை நெஞ்சில் ஒட்டி, குந்தியபடி பிட்டத்தில் இறங்கி முதுகால் உருளுங்கள். வீட்டில் மெத்தையில் வைத்துப் பழகலாம். மணிக்கட்டுக் காப்புக்குப் பெரிய செலவில்லை, கட்டாயம் போடுங்கள். இடுப்பிலும் வால் எலும்பிலும் பஞ்சு வைத்த உள் காற்சட்டையும் அப்படித்தான். ஹெல்மெட்டில் ஏஎஸ்ரிஎம் எஃப் 2040 அல்லது ஈஎன் 1077 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெடிப்புத் தெரியாவிட்டாலும், வேலை முடிந்தது. தலையில் அடிபட்டுக் குழப்பமோ குமட்டலோ வந்தால் அன்றைக்குத் திரும்ப ஏறவே கூடாது, டொக்டரைப் பார்க்கவேண்டும்.

போர்ட் புதிதாக இருக்கத் தேவையில்லை. ரெயிலும் பொக்ஸும் விளிம்பைத் தின்றுவிடும் என்பதால் பழைய, சற்று வளைந்து கொடுக்கும் போர்டே நல்லது. கடையில் சொல்லி விளிம்புகளின் கூர்மையைக் கொஞ்சம் மழுங்கச் செய்துகொள்ளுங்கள். பைண்டிங்குகள் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்தபடி, முன்னுக்கு 12 பாகை, பின்னுக்கு எதிர்ப்பக்கம் 9 பாகை அளவில் இருந்தால் ஸ்விச்சில் இறங்குவது இலகு.

இனி ஜம்ப். பார்க்கில் வழமையாக இருப்பது மேசை வடிவ ஜம்ப். ஏறுமுகம், அதன் உதடு, நடுவில் தட்டையான மேசை, பிறகு சரிந்து போகும் இறங்குமுகம். மேசை முடிந்து சரிவு தொடங்கும் வளைவை நக்கிள் என்பார்கள். சரிவில் இறங்கினால் அடியே தெரியாது, மேசையில் இறங்கினால் முழங்கால் அதிரும். காரணம் எளிது. கதிரையிலிருந்து சமதரையில் குதித்தால் உடம்பின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் நிற்கவேண்டும். சறுக்குமரத்தில் வந்து விழுந்தால் அந்த வேகம் சறுக்கிக்கொண்டு தொடர்கிறது. ஆகவே மிகக் குறைந்த வேகமும் ஆபத்து, மிகக் கூடிய வேகமும் ஆபத்து. பயத்தில் உதட்டுக்குப் பக்கத்தில் வந்து பிரேக் பிடிப்பவர்கள்தான் மேசையில் விழுகிறார்கள். சந்தேகமிருந்தால் மேலேயே விலகிப் பக்கவாட்டில் போய்விடுங்கள்.

முதலில் காற்றில் எழாமல் ஜம்பின் மேலால் மெதுவாக வழுக்கிப் போங்கள். பிறகு உங்கள் எடையுள்ள ஒருவர் எந்த இடத்திலிருந்து நேராக விடுகிறார் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். மேசை ஒரு காரின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். உதட்டில் குதிக்காதீர்கள். ஏறும்போதே மடித்த முழங்காலைச் சீராக நிமிர்த்தினால் அதுவே தூக்கிவிடும். போர்ட் தட்டையாக இருக்கவேண்டும் என்பது இங்கேயும் அதே பாடம். குதியை அழுத்தியபடி உதட்டை விட்டால் காற்றில் உடம்பு பின்னுக்குச் சரிந்து முதுகால் விழும். ஒரு பருவம் முழுவதும் நேரான பாய்ச்சல் மட்டும் போதும். சுழல்வதெல்லாம் அடுத்த குளிர்காலம்.

பார்க்கின் வாசலில் செம்மஞ்சள் நீள்வட்டக் குறி இருக்கும், ஜம்புகளின் பருமனை எஸ், எம், எல் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் எஸ் மட்டும். நாளின் முதல் சுற்றில் எதிலும் ஏறாமல் எல்லாவற்றையும் பக்கத்தால் போய்ப் பாருங்கள், நேற்றிருந்த பொக்ஸ் இன்று இடம் மாறியிருக்கும். கையை உயர்த்தி "ட்ரொப்பிங்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் உடனே விலகுங்கள். விலக முடியாமல் ஒருவர் கிடந்தால், மேலே நிற்பவர்களுக்குத் தெரியும்படி கைகளைத் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோல் பிடித்து மறியுங்கள்.

கணுக்காலைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு 35 வயதில் ஒரு சின்ன ஜம்பில் மேசையில் இறங்கி முன்கால் கணு வீங்கிப்போனது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, சுளுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்து வாரமாகியும் கணுவின் வெளிப்பக்கத்துக்குக் கீழே விரல் வைத்தால் உயிர் போனது. சிரி ஸ்கான் எடுத்தபோதுதான் தாலஸ் என்ற கணுக்கால் எலும்பின் வெளிநீட்சியில் வெடிப்பு என்று தெரிந்தது. ஸ்னோபோர்ட் ஓடுபவர்களிடம் அதிகம் காணப்படுவதால் அந்த முறிவுக்கே ஸ்னோபோர்டர் முறிவு என்று பெயர் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குக் கணு அப்படி வலித்தால், "நான் ஸ்னோபோர்ட்டில் விழுந்தேன், தாலஸை ஸ்கான் செய்து பார்க்கவேண்டுமா?" என்று நேரே கேளுங்கள்.

மனுசிக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவவின் பயம் நியாயமானது. காப்புக்களை வாங்கிக் காட்டுங்கள். வேலையிடத்துக் காப்புறுதியில் பிசியோதெரபி எத்தனை தடவைக்கு உண்டு என்று இப்போதே பார்த்து வையுங்கள். கனடாவுக்கு வெளியே போய் ஓடுவதானால், பயணக் காப்புறுதி டெரெய்ன் பார்க்கை விலக்கியிருக்கிறதா என்று சின்ன எழுத்தை வாசியுங்கள். கனடா ஸ்னோபோர்ட் பயிற்றுநர் சங்கமான காசியின் சான்றிதழ் உள்ள ஒருவரிடம் இரண்டு வகுப்பாவது எடுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று வீட்டிலேயே அவவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கால் சோர்ந்தபின் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏறுவதுதான் நம் வயதுக்காரருக்குப் பெரிய ஆபத்து. வாரத்தில் மூன்று நாள் குந்தி எழும் பயிற்சியும், பல்லு மினுக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பதும் நவம்பரிலேயே தொடங்கட்டும்.

முதல் ஜம்ப் நாளில் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இறங்குமுகத்தின் பக்கவாட்டில், வழிக்கு வெளியே, அவன் நிற்கட்டும். மேலே நிற்கும் உங்களுக்கு மேசைக்கு அப்பால் யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் கை காட்டியபிறகு இறங்குங்கள்.