போர் தண்ணீருக்கு ஏற்ற செடி, செடிக்கு ஏற்ற மீன்

ஆம்பூர் பக்கம் மீன்தொட்டி வைக்கிறவர்களில் பலர் முதலில் மீனை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அழகுக்கு இரண்டு செடி. தண்ணீரைப் பற்றிக் கடைசியில்தான் நினைப்பு வரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து நியான் டெட்ரா, இரண்டு அமேசான் சோர்ட் செடி, வீட்டு போர் தண்ணீர். நான்காம் நாள் காலை ஒரு மீன் மிச்சமில்லை. செடியின் இலை நனைந்த காகிதம் மாதிரி கரைந்துகொண்டிருந்தது. கடையில் போய்க் கேட்டால், "மருந்து போட்டீங்களா அண்ணா?" என்றார்கள். மருந்தில் ஒன்றுமில்லை. குற்றம் குழாயில் வந்ததில் இருந்தது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் தண்ணீர், அதற்கு ஒத்துவரும் செடி, அந்தச் செடியோடு வாழும் மீன்.

முதல் வேலை: தண்ணீரைத் தெரிந்துகொள்வது

ஆம்பூர் தோலும் ஷூவும் செய்யும் ஊர். உப்புத் தடவி வரும் தோலை ஊறவைத்துக் கழுவித்தான் பதனிடும் வேலையே தொடங்கும். அந்த உப்பு பல ஆண்டுகளாக நிலத்தடியில் இறங்கிய பகுதி இது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்ன கணக்கு அது. 2025 ஜனவரியிலும் இந்தப் பகுதியில் ஓடும் பாலாற்றின் மாசு பற்றி அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. வயலுக்கே ஆகாத தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டுச் செடி ஏன் கருகுகிறது என்று கேட்பதில் பொருளில்லை.

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். போர் தண்ணீர், குடிநீர்க் குழாயில் வரும் காவேரித் தண்ணீர், கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் மூன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மீட்டர் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைத்தான் காட்டும், அது சுண்ணாம்பா உப்பா என்று சொல்லாது. அதற்கு அடுப்படிக்குப் போங்கள். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படிந்தால் சுண்ணாம்பு அதிகம். பல செடிகளும் மீன்களும் அதைத் தாங்கும். மீட்டரில் எண் பெரியதாக இருந்தும் படிவு குறைவு, வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அது சமையல் உப்பின் வகை. அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டிக்கே எடுக்காதீர்கள். தோல் தொழிற்சாலைக் கால்வாய் அருகில் உள்ள கிணறும் வேண்டாம். குரோமியத்தை இந்த மீட்டர் தனியாகப் பிடித்துக் காட்டாது.

கலக்கும் கணக்கு எளிது. மீட்டரில் போர் தண்ணீர் 1800, ஆர்.ஓ. தண்ணீர் 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் போருக்கு மூன்று குடம் ஆர்.ஓ. ஊற்றினால் ஏறக்குறைய 500 வரும். சரிபாதி ஊற்றினால் 930. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தப்பு. அதில் செடிக்கு வேண்டிய கால்சியமும் இல்லை, தண்ணீரின் காரத்தன்மையை நிலையாகப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. காவேரித் தண்ணீர் கிடைக்கும் தெருவில் இருந்தால் பாதிக் கவலை விட்டது. குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தோ, கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சொட்டியோ ஊற்றலாம்.

மணல்

கட்டட வேலைக்கு வந்த மணல் இருந்தால், ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரை பொங்கினால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது, வேண்டாம். பொங்காவிட்டால் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். அடியில் ஓரங்குலம் உரம் போடாத செம்மண், மேலே இரண்டங்குலம் மணல். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றால் கொள்ளளவு 70 லிட்டர். மண்ணும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 55 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

செடி

கடினத் தண்ணீருக்கு முதல் தேர்வு வாலிஸ்னேரியா. நாடா மாதிரி நீண்ட இலை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் செடி இது. மற்றவற்றுக்குத் தொல்லையான தண்ணீர் இதற்குச் சாப்பாடு. ஹார்ன்வோர்ட்டும் அப்படித்தான், நடவே வேண்டாம், மிதக்க விட்டால் போதும். வாலிஸ்னேரியாவின் குருத்து மணலுக்கு மேலே தெரிய நடுங்கள், புதைத்தால் அழுகும்.

அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் நடக்கூடாது. அவற்றின் தடித்த கிழங்குத் தண்டைக் கல்லிலோ கட்டையிலோ கட்ட வேண்டும். இதற்கு நம் ஊரில் ஒரு வசதி: ஷூ அப்பர் தைக்கும் நைலான் நூல். பருத்தி நூல் சில வாரங்களில் இற்றுவிடும், இது இறாது. மெழுகு பூசாத வெள்ளை நூலை வெந்நீரில் போட்டு எடுத்து, கிழங்கின் மேல் இரண்டு சுற்று, கல்லின் அடியில் ஒரு முடிச்சு. இறுக்கினால் தண்டு வெட்டுப்படும், விரல்நகம் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். வேர் கல்லைப் பிடித்ததும் நூலை உருவிவிடலாம். ஷூ ஒட்டும் பசையை மட்டும் தொட்டி அருகே கொண்டு வராதீர்கள், அதன் கரைப்பான் மீனைக் கொல்லும்.

புதுச்செடியின் பழைய இலைகள் முதல் இரண்டு வாரத்தில் உதிரும். கடைச்செடிகள் பலவும் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை என்பதால்தான். பிடுங்கிப் போடாதீர்கள், புது இலை வரும். விளக்கு ஆறேழு மணி நேரம் போதும், அதிகமானால் பாசி ஏறும்.

மீன்

செடி வேர் பிடித்து மூன்று வாரம் கழித்து மீன். அதுவும் நாலைந்துதான் முதலில்.

தொட்டித் தண்ணீர் மீட்டரில் 700 முதல் 1000 வரை காட்டினால் மோலி, பிளாட்டி, கப்பி. ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள். இவை குட்டி போடும் மீன்கள், குட்டியைத் தாயே தின்னும். ஹார்ன்வோர்ட் அடர்ந்திருந்தால் குட்டிகள் அதற்குள் ஒளிந்து பிழைக்கும். மோலி செடியில் படியும் பாசியையும் கொறிக்கும். இந்தப் பகுதிக்கு மோலியும் ஹார்ன்வோர்ட்டும் போலப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீரை 300, 400க்குக் கொண்டுவர முடிந்தால் நம் நாட்டு மீனான வரிக்குதிரை டேனியோ ஆறு விடலாம். கூட தேன் கௌராமி, செடிக்குக் கிரிப்டோகோரைனும் அமேசான் சோர்டும். ஏஞ்சல் மீனுக்கு இந்தத் தொட்டியின் உயரம் பற்றாது. நியான் டெட்ரா மென்மையான அமில நீர் மீன். நான் அதை விட்டுவிட்டேன்.

ஃபைட்டர் மீனுக்கு மேற்பரப்பை ஒட்டி ஓர் அகன்ற அனூபியாஸ் இலை இருந்தால் அதன்மேல் படுத்து ஓய்வெடுக்கும். ஆண் ஒன்றுதான், நீரோட்டம் குறைவாக. நாட்டு வாதுமையின் காய்ந்த சருகு ஒன்று போடலாம், தண்ணீர் தேநீர் நிறமாகும். அது டானின். நம் ஊர்த் தொழிற்சாலைகள் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் எடுத்துத் தோல் பதனிட்ட அதே வகைச் சரக்கு. கடுக்காயும் வாதுமையும் ஒரே பேரினம் வேறு! ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரில் சருகு அமிலத்தன்மையை அவ்வளவாக மாற்றாது, நிறம்தான் மிச்சம்.

கோல்ட்ஃபிஷ் மென்மையான இலையைச் சாப்பிட்டுவிடும், வேரையும் கிளறும். வைத்தே தீருவேன் என்றால் பெரிய தொட்டியும் கல்லில் கட்டிய அனூபியாஸும். "டேங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும், சோர்ட் இலையைச் சுரண்டிக் கிழிக்கும். வளர்ந்துவிட்டதென்று ஏரியில் விடவும் கூடாது. சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் இது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. வெட்டிய செடியும் அப்படித்தான், வெயிலில் காயவைத்துக் குப்பைக்குழியில் போடுங்கள்.

வெயில் காலம்

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தொட்டி 32ஐத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், இரவில் செடியும் அதையே சுவாசிக்கும். ஆகவே விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓட வேண்டும், மின்தடைக்கு பேட்டரி பம்ப் ஒன்று. மூடியைத் திறந்து சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும், வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் 900 காட்டிய தொட்டி கோடை முடிவதற்குள் எங்கேயோ போய்விடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மாற்றும்போதுதான் கலவைத் தண்ணீர்.

என் தொட்டியில் அந்தக் கோடு இப்போது பாதி அழிந்திருக்கிறது. வாலிஸ்னேரியா அதைத் தாண்டி வளர்ந்து மேற்பரப்பில் மடங்கிக் கிடக்கிறது, அதன் நிழலில் நேற்றுப் பிறந்த மோலிக் குட்டிகள்.