மலைநாட்டில் உண்ணும் வேளை

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையேறி வரும் நண்பர்கள், அட்டனில் நல்ல சாப்பாட்டுக்கடை எது, நுவரெலியாவில் எது என்று விசாரிக்கும்போதெல்லாம், எனக்குப் பிடித்த ஒரு கடையின் பெயரைச் சொல்லியனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பிப் போனபின் வரப்போகும் அதிருப்திக் கடிதத்தை எதிர்பார்த்திருப்பது பல ஆண்டுகளாக என் வழக்கமாயிருந்தது. நான் மெச்சிய கடை அவர்களுக்குச் சகிக்கவில்லை என்பதும், நான் ஒதுக்கிய கடையில் அவர்கள் திருப்தியாக உண்டார்கள் என்பதும் நெடுநாள் விளங்காத புதிராகவே இருந்தன. புதிரை அவிழ்த்தவன் பரிமாறும் இளைஞன் ஒருவன். ஆடி மாதத்து மழை இரவொன்றில், காலை வேளைகளில் நான் விரும்பிப் போகும் அதே சைவக் கடையில், எட்டு மணியளவில் ஈரக் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து தோசைக்குச் சொன்னேன். அவன் கல்லாவிலிருந்த முதலாளியின் காதில் விழாதபடி குனிந்து, "ஐயா, இந்நேரத்துக்குத் தோசை வேணாங்க, காலையில வாங்க. இது மத்தியானம் அரைச்ச மாவு, இந்தக் குளிர்ல இன்னும் பொங்கவேயில்ல. சாம்பாரும் மூணு தரம் சுட வச்சதுங்க" என்றான். நான் கேளாமல் வாங்கி உண்டேன். தோசை நனைந்த காகிதம்போல் வெளுத்துக் கிடந்தது. சாம்பாரில் அடிப்பிடித்த வாடை வந்தது.

அன்றுமுதல் எனக்கு வாய்த்த சித்தாந்தம் இதுதான்: இம்மலைகளில் கடையைத் தெரிவு செய்வதற்கு முன் வேளையைத் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வகைக் கடைக்கும் நாளில் ஒரு பொழுது உண்டு. அப்பொழுது கழிந்தபின் அதே பலகையின்கீழ், அதே முதலாளியின் முன்னிலையில், வேறொரு கடை நடக்கிறது.

இதற்குக் காரணம் சமையற்காரரின் கைப்பாகத்தில் இருப்பதைவிட மலையின் சீதோஷ்ணத்திலேயே அதிகம் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது; அட்டன் அதைவிட அறுநூறு மீற்றர் அளவு தாழ்ந்தது. உயரம் கூடக்கூட நீர் கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே போவதால், கொழும்பில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர் நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அச்சூட்டில் மைசூர்ப் பருப்பு சீக்கிரம் குழைந்து கொடுக்கும்; துவரம்பருப்போ பிரஷர் குக்கரில் இடாவிட்டால் விறைத்துக்கொண்டே கிடக்கும். ஆகையால் நுவரெலியாவில் பருப்புக்கறியை நம்பி உட்காரலாம், சாம்பாரைப் பார்த்துத்தான் உட்காரவேண்டும். மாவின் கதையும் இதுவே. சமவெளியில் ஒரே இரவில் பொங்கும் அரைத்த மாவு இங்கே மார்கழி, தை மாதங்களில் அசையாமல் படுத்துக்கிடக்கும். மாப்பானையைச் சாக்கால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துக் குழந்தையைப்போல் காக்கும் கடையில்தான் விடியற்காலையில் நல்ல இட்லி கிடைக்கும். நேர்ந்தால் சமையலறையை ஒரு கணம் எட்டிப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்குச் சுற்றிய பானை தென்பட்டால் வேறு விசாரணை வேண்டியதில்லை.

வடைக்கு இதைவிட எளிதான பரீட்சை ஒன்றுண்டு. தேங்காயெண்ணெய் 24 பாகையளவிலேயே உறையத் தொடங்குவது. நுவரெலியாவில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காது. எனவே எண்ணெயிலிருந்து எடுத்த வடையோ ரோல்ஸோ பட்டிஸோ கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறிக் கிடந்தால், அதன் அடியில் மெழுகு பூசினாற்போல் வெள்ளைப் படலம் ஒன்று படிந்துவிடும். நம் நாட்டுக் கடைகளில் தட்டு நிறையச் சிற்றுண்டிகளை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உண்டதற்கு மட்டும் கணக்குப் பார்க்கும் வழக்கம் இருப்பதால், அத்தட்டு உங்கள் மேசைக்கு வருமுன் எத்தனை மேசைகளைத் தரிசித்து வந்தது என்பதை வேறு எவ்வகையாலும் அறிய முடியாது. ஆகவே கூச்சப்படாமல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். கீழ்நாட்டில் இந்தப் பரீட்சை பலிக்காது. அங்கே பழைய வடையும் பளபளக்கும்.

இனி வேளைகளுக்கு வருவோம். விடியற்காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையான பொழுது ஐயமின்றிச் சைவக் கடைகளுக்கு உரியது. தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்குவோரும், பாடசாலைக்குப் போகும் ஆசிரியர்களும், லொறிச் சாரதிகளும் ஒருங்கே மொய்க்கும் அந்நேரத்தில் கல் ஓய்வதில்லை. ஓயாத கல்லில் பழைய தோசைக்கு இடமில்லை. இவ்விஷயத்தில் அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தெரிவு செய்யும் பாக்கியம் உள்ளவர்கள் அட்டனையே தெரிவு செய்ய வேண்டும் என்பது என் தீர்மானமான கட்சி. அட்டன் தோட்டத்து மக்களின் சந்தை நகரம். அங்கே உண்பவர் நாளையும் வருவார், நாளை மறுநாளும் வருவார். நுவரெலியாவின் பிரதான வீதியிலோ பாதிக்கு மேற்பட்டவர்கள் மறுபடி திரும்பி வராத முகங்கள். மறுபடி வராதவனுக்குச் சட்னி அரைக்கும் கை சற்றுத் தளர்வது மனித சுபாவம்.

நண்பகல் வேளை சிங்களவர் நடத்தும் சோற்றுக்கடைகளுக்கு. சிவப்பரிசிச் சோறும், பருப்பும், லீக்ஸும், பீட்ரூட்டும், கீரைச் சுண்டலும், ஒரு துண்டு மீனும் மண்சட்டிகளில் வரிசையாக இருக்க, வேண்டியதை வேண்டியமட்டும் இட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில், மலைநாட்டு மரக்கறி முந்திய நாள் பாத்தியிலிருந்து பிடுங்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். வேறெங்கும் சலித்துப்போகும் கோவாவும் கரட்டும் இங்கே இனிக்கின்றன. பன்னிரண்டரைக்குப் போகவேண்டும். இரண்டு மணிக்குப் போனால் சட்டிகளில் எஞ்சியிருப்பது ஊரார் வேண்டாமென்று விட்டது.

மாலை நான்கு மணி பேக்கரிகளுக்கு. பணிஸும் பாணும் அடுப்பிலிருந்து வெளிவரும் நேரம் அது. அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை; மூக்கைப் பின்தொடர்ந்தால் போதும்.

இரவு முஸ்லிம் ஹோட்டல்களுக்கு. ஏழு மணிக்கு மேல் இரும்புத் தகட்டில் இரண்டு வெட்டுக் கத்திகள் தாளம் போடும் ஓசை பனிமூட்டத்துக்குள்ளே கேட்கத் தொடங்கியதும் அவ்வழி நடக்கலாம். கொத்து ரொட்டியின் மகத்துவம் அது நம் கண்ணெதிரே நெருப்பில் பிறப்பதிலேயே இருக்கிறது; குளிர்ந்த ஊரில் இரவு நேரத்தில் பிரத்தியட்சமான நெருப்பைவிட நம்பத்தகுந்த சாட்சி வேறில்லை. ஆயினும் அதே ஹோட்டலில் மத்தியானம் மூன்று மணிக்குப் போய்க் கொத்துக் கேட்டால், காலையில் அடுக்கி வைத்த ரொட்டியை ஆறிய கறியில் புரட்டித் தருவார்கள், குற்றம் கேட்டவருடையது.

வேளையோடு நாளையும் கணக்கிலெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நம்மவர் பலர் மரக்கறி உண்பதால் சைவக் கடை நாள்முழுதும் சுறுசுறுப்பாக இருக்கும். அன்று நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம் ஹோட்டல்கள் சிறிது நேரம் மூடியிருக்கக்கூடும். நோன்பு மாதத்தில் பகலில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம், இரவில் எதிர்பார்க்கலாம். போயா தினத்தில் மாமிசக் கடையும் மதுக்கடையும் அடைத்திருக்கும். ஆதலால் அன்று மாமிச உணவைத் தேடுவோர் முந்திய நாளின் இருப்பைத்தான் உண்ண நேரும். ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில் குதிரைப் பந்தயத்துக்கும் மலர்க் கண்காட்சிக்கும் திரளும் கூட்டத்திடையே நுவரெலியாவில் இன்ன கடை நல்லதென்று சொல்ல எவராலும் இயலாது. அந்நாட்களில் விலைப்பட்டியலை முதலில் வாசித்துவிட்டு அதன்பின் நாற்காலியை இழுத்துக்கொள்வதே விவேகம். ஒருமுறை அப்படி வாசியாமல் உட்கார்ந்து, நான்கு பேருக்கான பரோட்டாவுக்கு ஒரு திருமண விருந்தின் செலவைக் கட்டிவிட்டு எழுந்த அநுபவம் எனக்குண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அந்தக் கடையும் ஏனைய மாதங்களில் யோக்கியமாகவே நடக்கிறது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமோ வேறு கணக்கு. மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணியிலிருந்து படிகள் நெடுகிலும் இரவு முழுவதும் கடைகள் விழித்திருக்கும். மேலே செல்லச் செல்ல விலை ஏறுவது அநியாயமன்று, சீனியும் விறகும் மனிதர் தலையில் அல்லவா ஏறுகின்றன.

சொந்த ஊரில் கடை தேடுவதும் பிரயாணத்தில் தேடுவதும் ஒரே காரியம் என்று எண்ணுவது மற்றொரு மயக்கம். சொந்த ஊரில் நமக்கு அவகாசம் உண்டு, ஒரு கடையில் ஒருநாள் ஏமாந்தால் அடுத்த வாரம் வேறொன்று, முதலாளியோடு முகப்பழக்கம் ஏற்பட்டபின் "இன்னைக்கு மீன் எப்படி அண்ணே?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். அந்தப் பதில்தான் உள்ளூர்வாசியின் சொத்து. பிரயாணிக்கு அந்தச் சொத்து இல்லாமையால் பிறர் வாயை நம்ப வேண்டியிருக்கிறது. யாருடைய வாய் என்பதில்தான் சூட்சுமம். கைத்தொலைபேசியில் மின்னும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒருமுறை வந்து போனவர்கள் இட்டவை. அவர்கள் எந்த வேளையில் வந்தார்கள் என்பதை அந்த நட்சத்திரம் சொல்லாது. நெடுந்தூர பஸ் நிற்கும் கடையும் சாட்சியாகாது. சாரதிக்கும் நடத்துநருக்கும் அங்கே கணக்கு வேறு. மரக்கறி மூட்டை இறக்கும் தொழிலாளரையும் முச்சக்கரவண்டிக்காரரையும் கேளுங்கள், ஆனால் "நல்ல கடை எது?" என்று கேளாதீர்கள், விருந்தாளிக்குத் தகுந்ததென்று கண்ணாடிக் கதவுள்ள ஒன்றைக் காட்டிவிடுவார்கள். "தம்பி, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள்.

கொழும்பிலிருந்து வீதி மார்க்கமாக ஏறுவோருக்கு ஓர் உபதேசம்: மத்தியானச் சாப்பாட்டைக் கித்துல்கலவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். களனி கங்கையின் கரையில், 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படம் எடுக்கப்பட்ட அவ்விடத்தின் சோறும் கறியும் சமவெளியின் உஷ்ணத்தில் சமைத்தவை. கினிகத்தேனைக்கு மேலே வளைவுகளில் வயிறு சுழலத் தொடங்குமுன் அவை செமித்தும்விடும்.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற மாளிகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1876இல் ஆரம்பித்த ஹில் கிளப்பில் இரவுப் போஜனத்துக்கு ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே உட்கார வேண்டும். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் வாசஸ்தலமாயிருந்த கட்டடமே பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையே விடுதியாக்கி, புகையிரதப் பெட்டி ஒன்றில் உணவு பரிமாறுகிறார்கள். இவற்றுக்கு ஒருமுறை போகலாம், ருசிக்காக அன்று. எரியும் கணப்பையும், உயர்ந்த கூரையையும், நம் பாட்டன்மார் பின்வாசலால்கூட நுழைந்திராத கூடத்தில் நாம் முன்வாசலால் நுழைந்து உட்காரும் விசித்திரத்தையும் அநுபவிப்பதற்காக. பட்டியலிலுள்ள விலையோடு பத்து வீத சேவைக் கட்டணமும் பதினெட்டு வீத பெறுமதி சேர் வரியும் கூடுமா, அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது எந்தக் கோட்டுக்கும் இழுக்காகாது.

தேநீர் விஷயத்தில் தெரிவு கடினம். லபுக்கலையிலும் தலவாக்கலைக்கருகிலும் உள்ள தேயிலை நிலையங்களில் நல்ல ரகத்து இலையைப் பீங்கான் குவளையில் பதமாக ஊற்றித் தருவார்கள். லபுக்கலையில் அதனோடு சொக்கலேட் கேக்கும் உண்பது மரபு. தேயிலையின் மணத்தை அறிய விரும்புவோர் அங்கே போகவேண்டும். குளிர் தாங்காமல் நடுங்குவோரோ அட்டன் கடைத்தெருவில், டஸ்ட் தூளை வடித்து, அம்பேவளைப் பண்ணை அருகிலிருந்தும் பால்மாவையே கரைத்து, இரண்டு கோப்பைகளுக்கிடையே முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுக்கும் இடத்துக்குப் போகவேண்டும். லயத்து வீட்டில் தடித்த ரொட்டியோடும் சம்பலோடும் வரும் சாயத்தண்ணியை இந்த இரண்டோடும் ஒப்பிடலாகாது. அது விற்பனைக்கில்லை, யாரேனும் அழைத்தால் மறுக்காமல் போய்விடுங்கள்.

திரும்பும் வழியில் நானுஓயாவிலோ அட்டனிலோ புகையிரதம் நிற்கும்போது கூடையோடு வருபவரிடம் ஒரு வடையைக் கையிலெடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் படலம் இல்லையென்றால் ஆறு வாங்குங்கள். வட்டவளை வருமுன் நான்கு தீர்ந்துவிடும்.