கேட்டறியும் கல்வி: பௌத்த நிலையத்திற்குப் பள்ளிக் குழுப் பயணம்

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதைக்குச் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்பது பெயர். வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்டறிகின்றாள். அதன் பொருட்டு அவள் மாதவன் வடிவம் கொண்டாள். இன்றைய மாணவர்க்கு அத்தகைய மாற்றுருவம் வேண்டுவதில்லை. கேட்கும் மனம் ஒன்றே போதும்.

கேட்பதற்கு ஆள் இல்லாதபோது அறிவு எவ்வாறு குறைபடும் என்பதற்கு இரு சான்றுகளை ஈண்டுக் காண்போம். கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் யாத்த முஸ்லிம் பேரறிஞர் அல்பீரூனி, வடமொழி பயின்றவர். பண்டிதர் பலரோடு அளவளாவியவர். ஆயினும் பௌத்தம் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவே. பௌத்த நூல் ஒன்றும் தமக்குக் கிட்டவில்லை, கேட்டறியப் பௌத்தர் ஒருவரும் வாய்க்கவில்லை என்று மேருமலை பற்றிய இயலில் அவரே கூறுகின்றார். அறியாததை அறியேன் என்று சொன்ன அந்நேர்மை நாம் போற்றத்தக்கது.

மற்றொன்று நம் தமிழுலகச் சான்று. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அந்நூலிலுள்ள பௌத்தக் கருத்துகளுக்குப் பொருள் காண அரிதின் முயன்றார். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் துணைபுரிந்ததால் தெளிவு பிறந்தது. பேரறிஞர்க்கே கேள்வி தேவைப்பட்டதெனில் மாணவர்க்கு அது எத்துணை இன்றியமையாதது!

நம் வகுப்பறைகளில் நால்வகை வாய்மையும் பன்னிரு சார்பும் தேர்வுக்குரிய சொற்களாகவே நின்றுவிடுகின்றன. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்து மாணவருள் பலர் புத்தரைக் கடைகளில் விற்கும் பொம்மை வடிவிலேயே அறிவர். எனினும் வாய்ப்பு தொலைவில் இல்லை. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து சென்னை எழும்பூருக்கு நேரே இருப்புப்பாதை உண்டு. எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கம் உள்ளது. அண்மையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளும் காட்சிக்குரியன. ஒரே நாளில் பழமையின் எச்சத்தையும் வாழும் சமயத்தையும் காணலாம்.

"பிள்ளைகளின் ஈமானுக்குக் கேடு வாராதா?" எனப் பெற்றோர் வினவக்கூடும். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. விடை கூறுதல் வேண்டும். வழிபடுவது வேறு, கற்பது வேறு. அரசு நிதியால் முழுதும் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது என்றும், அரசு ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற பிற கூடங்களில் ஒருவரை அவரது இசைவின்றி வழிபாட்டில் பங்குபெறச் செய்தலாகாது என்றும் அரசமைப்பின் 28ஆம் பிரிவு விதிக்கின்றது. சமயங்களைப் பற்றிக் கற்பது அத்தடையின்பாற் படாது என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே செல்லும் மாணவர் தலைவணங்கவோ மலர் தூவவோ வேண்டியதில்லை. காலணி களைந்து, குரல் தாழ்த்தி, விருந்தினர்க்குரிய ஒழுக்கத்தோடு நின்றால் போதும்.

பயணம் பயன்தர மூன்று நெறிகளைப் பரிந்துரைக்கின்றோம். முதலாவது, நிலையத்தாரிடம் முன்னரே இசைவு பெறுதலும், பெற்றோர்க்குப் பயணத்தின் நோக்கத்தை எடுத்துரைத்தலும். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வினாவை எழுதிச் செல்லுதல். "உங்கள் கடவுள் யார்?" என்பதினும் "துன்பம் நேர்ந்தால் உங்கள் சமயம் என்ன செய்யச் சொல்கிறது?" என்பது சிறந்த வினா, முன்னது நம் அளவுகோலைப் பிறர்மீது சுமத்துகின்றது, பின்னது அவர் வாழ்வைக் கேட்கின்றது. மூன்றாவது, திரும்பியபின் கேட்டதைக் கேட்டவாறே எழுதுதல். ஒப்பீடும் தீர்ப்பும் அதன் பின்னரே.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நஜ்ரான் நாட்டுக் கிறித்தவத் தூதுக்குழுவினரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே வரவேற்றார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பிறர் இல்லம் சென்று கேட்கும் நாம், நம் வாயிலையும் பிற சமய மாணவர்க்குத் திறத்தல் வேண்டும். நம்மைப் பற்றியும் நம்மிடமே கேட்டறியட்டும். செவிவழிச் செய்தியால் விளையும் பகை நேர்முகக் கேள்வியால் குறையும் என்பது எம் துணிபு.