ரிங்கா ரிங்கா ரோசஸும் பிளேக் கதையும்

நம்பிக்கை: ‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ ஒரு பிளேக் பாட்டு. ரோஜா வளையம் என்பது உடம்பில் எழும் சிவப்புத் தடிப்பு. பையில் இருக்கும் பூ, நாற்றத்தை விரட்ட. தும்மல் நோயின் அறிகுறி. கடைசியில் எல்லோரும் விழுவது சாவு.

கொரோனா காலத்தில் இந்த விளக்கம் வாட்ஸ்அப்பில் இன்னொரு சுற்று வந்தது. எல்கேஜி பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுக்கிறோம் என்று பெற்றோர் பதறினார்கள்.

உண்மை: லண்டனைப் பிளேக் வாரிக்கொண்டு போனது 1665இல். இந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881இல், ஓவியர் கேட் கிரீனவேயின் புத்தகத்தில். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் 1790 வாக்கிலேயே பிள்ளைகள் பாடினார்கள் என்று வில்லியம் வெல்ஸ் நியூவெல் 1883இல் எழுதினார். அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் நூறு ஆண்டுக்கு மேல் இடிக்கிறது.

வாய்மொழிப் பாட்டு அச்சுக்கு வரத் தாமதமாகாதா என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் பிளேக் நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்த ஒருவர் லண்டனில் இருந்தார்: சாமுவேல் பீப்ஸ். 1665 ஜூன் 7ஆம் தேதி ட்ரூரி லேன் தெருவில், கதவில் சிவப்புச் சிலுவை போட்ட வீடுகளைப் பார்த்து அரண்டுபோய், மோந்து பார்க்கவும் மெல்லவும் புகையிலை வாங்கியதாக எழுதியிருக்கிறார். புகையிலை வாங்கியதைக்கூட விடாதவர், பிள்ளைகள் சாவைப் பாட்டாக்கி ஆடியதை விட்டிருப்பாரா?

நோயும் பாட்டுக்கு ஒத்துவரவில்லை. பிளேக்கில் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் கொளுத்தும். ரோஜா நிறத் தடிப்போ தும்மலோ அதன் அடையாளம் அல்ல. இதைவிட வேடிக்கை, கிரீனவேயின் 1881 பதிப்பில் தும்மலே கிடையாது. ‘உஷ்’ என்று அடக்கும் சத்தம்தான் இருக்கிறது. நம் ஊர் வகுப்புகளின் ‘ஹுஷா புஷா’விலும் யாரும் தும்முவதில்லை. விழுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி வணக்கம் போடும் வடிவங்களும் உண்டு.

பிளேக் விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1951இல் குழந்தைப் பாட்டு அகராதியை வெளியிட்ட அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர், மூலம் தேடிப் புறப்பட்டவர்களின் வேலை இது என்று அப்போதே சலித்துக்கொண்டார்கள். யார் கேட்டார்கள்?

நம்பிக்கை: இன்னொரு குழந்தைப் பாட்டில் வரும் ஹம்ப்டி டம்ப்டி ஒரு பீரங்கி. 1648 கோல்செஸ்டர் முற்றுகையில் தேவாலய மதிலிலிருந்து விழுந்து நொறுங்கியது.

அதற்கும் அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பாட்டு அச்சில் தெரிவது 1797இல். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டின் சட்டப் பேராசிரியர் டேவிட் டாப் ஒரு பத்திரிகையில், ஹம்ப்டி என்பது 1643 குளோஸ்டர் முற்றுகையில் மதிலைத் தாக்கக் கட்டிய ஓர் எந்திரம் என்று எழுதினார். அவர் எழுதியது கிண்டலுக்கு. ஊர் எடுத்துக்கொண்டது வரலாறாக. உண்மையில் அது ஒரு விடுகதை, விடை முட்டை. படத்திலேயே முட்டையைப் போட்டுக் காட்டிவிடுவதால் இன்று அவிழ்க்க எதுவும் மிச்சமில்லை. பீரங்கிக்கு இடம் கிடைத்தது அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு பாட்டில் ‘பை’ என்ற மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுட்ட கரும்பறவைகள், கடற்கொள்ளைக்காரன் பிளாக்பியர்டின் ஆள்பிடிக்கும் ரகசியக் குறிப்பு என்பதும் அதே ரகம். வதந்திகளைச் சரிபார்க்கும் ஸ்னோப்ஸ் இணையதளம், வாசகர்களைச் சோதிக்கவே புளுகிய கதை அது. உயிருள்ள பறவைகளைப் பண்டத்துக்குள் அடைத்து, வெட்டினால் பறக்கும்படி செய்யும் செய்முறை மட்டும் நிஜம். 1598இல் ஆங்கிலத்தில் வந்த ஓர் இத்தாலியச் சமையல் நூலில் இருக்கிறது.

நிஜமான மூலம் வேண்டுமென்றால் மேரியின் ஆட்டுக்குட்டியைப் பார்க்கலாம். 1830இல் பாஸ்டனில் சாரா ஜோசஃபா ஹேல் வெளியிட்ட பாட்டு அது. மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங்கைச் சேர்ந்த மேரி சாயர், அந்த மேரி நான்தான், முதல் சில வரிகளை எழுதியவர் வேறொருவர் என்றார். பாட்டு முழுக்கத் தன்னுடையதே என்று ஹேல் கடைசிவரை சாதித்தார். பாஸ்டனில் ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்ற நிதி திரட்டியபோது, அந்த ஆட்டின் கம்பளியில் அம்மா பின்னிக்கொடுத்த காலுறையைப் பிரித்து, துண்டு துண்டாக அட்டையில் ஒட்டி விற்கக் கொடுத்தார் மேரி. வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள்.