சரளமாகப் படித்தால் போதுமா?

‘மிலுவன் நிமுலியைக் கெசுவினான்.’ இந்த வரியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்: மிலுவன் எதைக் கெசுவினான்?

‘நிமுலியை’ என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால், இதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் விடையைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ‘யார்?’, ‘எதை?’ என்று மட்டும் நாம் கேட்டால், குழந்தைகளும் பொருள் புரியாமலே சரியான விடை சொல்லிவிட முடியும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்கு, பொருள் புரிந்து படிப்பது. தடையின்றி வாசிக்கும் குழந்தையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. அக்குழந்தை நான்காம் வகுப்பில் ஒரு வாழ்க்கைக் கணக்கைப் படித்துவிட்டு, ‘கூட்டணுமா, கழிக்கணுமா டீச்சர்?’ என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. இதைச் சரிசெய்ய, என் மூன்றாம் வகுப்பில் செய்துவரும் மூன்று செயல்பாடுகள் இதோ.

1. படித்துச் செய்

அட்டையில் உள்ள கட்டளையை மௌனமாகப் படித்து, அதன்படி செய்ய வேண்டும். ‘எழுந்து நில்’ என்று எளிதாகத் தொடங்கலாம். பிறகு, ‘கை தட்டும் முன் கதவைத் தொடு’ என்ற அட்டையைக் கொடுங்கள். பலர் முதலில் கை தட்டுவார்கள். அந்தச் சொல்தானே முதலில் வருகிறது! ‘முன்’ என்ற சொல்லைக் கவனித்தவர் கதவை நோக்கி ஓடுவார். பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அட்டையை வாங்கி மீண்டும் படிப்பார்கள்.

2. படத்தைத் திருத்து

‘பாட்டி கூடையில் ஐந்து மாங்காய் வைத்தார். ஆடு இரண்டைத் தின்றது’ என்று கரும்பலகையில் எழுதி, அருகில் ஐந்து மாங்காயுடன் கூடையை வரைவேன். ஆடு தின்ற பிறகு உள்ள கூடை இது, சரியா என்று கேட்பேன். ‘ஐந்துன்னுதானே போட்டிருக்கு?’ என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டாம் வரியை மீண்டும் படித்ததும், அவர்களே வந்து இரண்டு மாங்காயை அழிப்பார்கள். கழித்தல் கணக்கு இங்கேயே புரிந்துவிடுகிறது.

3. சொல்லாததைச் சொல்

‘கவிதா குடையை மடக்கினாள். பாவாடையைப் பிழிந்தாள். வகுப்புக்குள் வந்தாள்.’ வெளியே என்ன நடந்தது? ‘மழை’ என்ற சொல் எங்கும் இல்லை. விடை வந்ததும், ‘எந்த வரி உனக்குச் சொன்னது?’ என்று கேளுங்கள். இந்தக் கேள்விதான் முக்கியம். ஒருவர் குடையைக் காட்டுவார். ‘வெயிலுக்கும் குடை பிடிப்பாங்களே!’ என்பார் மற்றொருவர். அப்போது பிழிந்த பாவாடை கைகொடுக்கும்.

செய்யும்போது கவனிக்க

அரும்பு நிலைக் குழந்தைகளுக்கு மலர் நிலைத் தோழர் வரியைப் படித்துக் காட்டலாம். செய்வதும் வரைவதும் அரும்புக் குழந்தையின் வேலை. தவறான விடைக்கும் ‘எந்த வரி?’ என்றே கேளுங்கள்; திருத்தம் குழந்தையிடமிருந்தே வரும்.

தனிக் கருவிகள் தேவையில்லை. பழைய நாள்காட்டி அட்டையும் பாடநூலும் போதும்; ஒரு செயல்பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். உயர்நிலை வகுப்புகளிலும் அறிவியல், சமூக அறிவியல் பத்திகளை இப்படிக் கையாளலாம். நாளைய பாடத்திலிருந்து, வரியில் நேரடி விடை இல்லாத ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.